ஒரு மதிப்பெண் பாக்கி



இது கொஞ்சம் நீளமான பதிவு. பழைய சமூக அறிவியல் வகுப்பு என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். இப்போது மணியும் கிடையாது, பிரம்பும் கிடையாது. நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் கேட்க மாட்டேன்.

மார்கழி மாதம் அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகள் சில படங்கள் அனுப்பியிருந்தாள். மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் என்று ஒரு ஊர். அங்கே மேலே தூக்கிக்கொள்ளும் இரும்புப் பாலத்துக்கு அடியில் ஒரு மலை போன்ற கப்பல் போகிறது. "மாமா, இது கடல் இல்லை, ஏரி!" என்று எழுதியிருந்தாள். சுப்பீரியர் ஏரி. பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு போகும் கப்பல்களில் சில 1000 அடி நீளம். 1959-ல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்த பிறகு, அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்த ஊருக்கு வெளிநாட்டுப் பெரிய கப்பல்களும் வருகின்றன. நடுவில் படிப்படியாக மதகுகள். தண்ணீரை நிரப்பிக் கப்பலை மேலே ஏற்றுவார்கள். நான் பிறந்ததும் அதே 1959-ல்தான். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

ஆச்சரியம் தாங்காமல் அந்தப் படத்தை நம் பழைய மாணவர் குழுவில் போட்டேன். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவன் மட்டும் இப்படி எழுதினான்: "சார், இதுக்கு அமெரிக்கா போகணுமா? நம்ம மலைக்கு அந்தப் பக்கமே இருக்கு. டீச்சரையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் காட்டுதேன்."

அவன் கொச்சியில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். இந்தப் பதிவைப் படித்து முடிக்கும்போது உங்களில் சிலருக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் கீழே பெயரை எழுதாதீர்கள். சார் சொன்னால் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

தை பிறந்ததும் கிளம்பிவிட்டோம். பாலருவி எக்ஸ்பிரஸ் நடுராத்திரிக்கு மேல் தென்காசிக்கு வருகிறது. செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது நல்ல இருட்டு. பதிமூன்று கண் பாலம் வந்ததும் போனதும் தெரியவில்லை. குகைக்குள் நுழையும்போது மட்டும் சத்தம் மாறியது. 1904-ல் போட்ட பாதை இது. மீட்டர் கேஜ் வண்டியில் இதே வழியாகக் கொல்லம் போனவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. நாலு மைல், ஐந்து மைல் நடந்தால் வேறு அரசு. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

காலையில் எறணாகுளத்தில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கே வந்து நின்றான். தலை பாதி நரைத்துவிட்டது. எனக்கு மட்டும் அரைக்கால் டவுசரோடுதான் தெரிகிறான்.

முதலில் தண்ணீர் மெட்ரோ படகில் ஏற்றினான். 2023-ல் தொடங்கியது. பேட்டரியில் ஓடுகிறது, சத்தமும் இல்லை, புகையும் இல்லை. படகு நகர்ந்ததும் ஒரு பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சதக் கிரேன்கள், இன்னொரு பக்கம் வில்லிங்டன் தீவு. நடுவில் வேம்பநாட்டுக் காயல். சுமார் 96 கிலோமீட்டர் நீளம். இந்தியாவிலேயே நீளமான ஏரி இதுதான். ஆலப்புழை, கோட்டயம், எறணாகுளம் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. நம் பக்கத்தில் ஏரி என்றே சொல்வதில்லை, எல்லாம் குளம்தான். குளத்துக்குள் கப்பல் வருமா என்று கேட்டால் நாமெல்லாம் சிரிப்போம். இங்கே வருகிறது.

பாடத்துக்கு வருகிறேன். இந்தக் காயலுக்குள் பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் என்று ஆறு ஆறுகளின் தண்ணீர் வருகிறது. அச்சன்கோவில் ஆறு பிறப்பது நம் மலையின் மறுபக்கம். மலை உச்சியில் பெய்யும் ஒரே மழை, கிழக்கே விழுந்தால் குற்றாலத்தில் அருவியாகி, சிற்றாறு வழியாகத் தாமிரபரணியில் சேர்கிறது. மேற்கே விழுந்தால் அச்சன்கோவில் ஆற்றில் ஓடி, பம்பையோடு சேர்ந்து, இந்தக் காயலுக்கு வருகிறது. ஆக, நாம் அருவியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, அதே மேகத்தின் இன்னொரு பங்கு கொச்சித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய காலத்தில் இந்தக் கரையின் பெரிய துறைமுகம் முசிறி. சங்கப் புலவர்களுக்கும் தெரிந்த பெயர், ரோமாபுரி வணிகர்களுக்கும் தெரிந்த பெயர். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் அந்தப் பக்கம் மணல் மூடி, கொச்சியில் காயலுக்கு வாய் திறந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு வெள்ளம் ஒரு துறைமுகத்தை மூடி, இன்னொன்றைத் திறந்தது. பிறகு போர்த்துக்கீசியர், 1663-ல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் வந்தது மிளகுக்காகத்தான்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஆறுகள் கொண்டுவரும் மண்ணும், கடல் அலை தள்ளும் மணலும் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஒரு மணல் திட்டு. கல்யாண வீட்டு வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்ட மாதிரி. உள்ளே அலையில்லாத விசாலமான தண்ணீர், வாசலில் அடைப்பு. நீராவிக் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, அவை திட்டைத் தாண்ட முடியாமல் வெளிக்கடலில் நின்றன. சரக்கையெல்லாம் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தூத்துக்குடியில் நம் ஆட்கள் தோணியில் செய்த வேலைதான் இதுவும். நமக்குச் சாரல் காலமென்றால் அவர்களுக்கு அடைமழைக் காலம். வெளிக்கடல் கொந்தளிக்கும், வேலை நின்றுவிடும்.

1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். அவரை அனுப்பியது சென்னை மாகாண கவர்னர் வில்லிங்டன் பிரபு. சென்னை கவர்னருக்குக் கொச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஃபோர்ட் கொச்சி என்ற சின்னத் துண்டு நிலம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பக்கத்தில் மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி மகாராஜாவுடையவை. காயலின் தெற்குப் பக்கம் திருவிதாங்கூர். ஒரே தண்ணீரைச் சுற்றி மூன்று அரசுகள். செங்கோட்டையையும் தென்காசியையும் சொன்னேன் அல்லவா, அதே கதைதான் இங்கேயும்.

திட்டை வெட்டினால் அலை உள்ளே புகுந்து வைப்பின் கரையைத் தின்றுவிடும் என்று பயந்தார்கள். பிரிஸ்டோ அவசரப்படவில்லை. கரையோரம் கல் அடுக்கி, மழைக்காலத்தில் அலை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடியும் என்றார். அடுத்த சண்டை பணத்துக்கு. சுங்க வரியில் யாருக்கு எத்தனை பங்கு? நாலு பங்காளிகள் சேர்ந்து ஒரு கிணறு வெட்டுவது எப்படி என்று நமக்குத் தெரியாதா? இழுத்துப் பறித்து, சென்னை, கொச்சி, திருவிதாங்கூர், இந்திய அரசு ஆகிய நான்கு தரப்பும் 1925-ல் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன.

அடுத்த ஆண்டு 'லார்டு வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் வந்து சேர்ந்தது. வாசல் திட்டை அறுத்து, சுமார் 450 அடி அகலத்தில், ஏறத்தாழ மூன்றரை மைல் நீளத்துக்கு ஒரு வழி வெட்டினார்கள். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள் துறைமுகத்துக்குள் வந்தது. உள்ளே பெரிய கப்பல் நிற்க ஆழம் வேண்டுமே? காயலின் அடியிலிருந்தும் மண்ணை உறிஞ்சினார்கள். அந்த மண்ணை எங்கே கொட்டுவது? காயலுக்குள்ளேயே ஓரிடத்தில் கொட்டிக் கரை கட்டினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு. ஏறத்தாழ 780 ஏக்கர். வீடு கட்டத் தோண்டிய மண்ணைக் கொல்லையில் கொட்டுவோமே, அப்படிக் கொட்டிய மண்ணின் மேல் இன்று துறைமுக அலுவலகம், கடற்படைத் தளம், கிட்டங்கிகள், ரயில் நிலையம் எல்லாம் நிற்கின்றன. 1936-ல் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பிரிஸ்டோ 1941-ல் ஊர் திரும்பினார். ஒரே வேலைக்கு இருபத்தோரு வருடம்.

நம்மவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவான் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். துறைமுகம் வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எறணாகுளத்தில் காயல் கரையோரம் போகிற சாலைக்கு இன்றும் சண்முகம் ரோடு என்றுதான் பெயர். அதில் நடந்தபோது எனக்கு ஏனோ சொந்தக்காரர் தெருவில் நடப்பது போல இருந்தது.

படகு நடுக்காயலில் போகும்போது அவன் கேட்டான்.

"சார், அஞ்சாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை ஞாபகம் இருக்கா?"

"எத்தனை அரையாண்டு பார்த்திருக்கேன், எதைல கேக்க?"

"கோடிட்ட இடத்தை நிரப்புக சார். 'துறைமுகம் டேஷ் கரையில் அமைந்திருக்கும்.' நான் 'ஏரி'ன்னு எழுதினேன். நீங்க சிவப்பு மையில பெருக்கல் போட்டு, கிளாஸ்ல வாசிச்சுக் காமிச்சீங்க."

எனக்கு நினைவில்லை. இதை உண்மையாகச் சொல்கிறேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவனுக்கு நினைவிருக்கிறது. வகுப்பு முழுவதும் சிரித்ததாம். நானும் சிரித்தேனாம். மறுநாளிலிருந்து அவனுக்கு 'ஏரிக்கப்பல்' என்று பட்டப்பெயர். எட்டாம் வகுப்பு வரை அது போகவில்லை. அதற்குப் பிறகு கேள்வி கேட்டால் கை தூக்குவதையே விட்டுவிட்டானாம்.

"ஏன்ல அப்படி எழுதின?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடம் முந்தியே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அதுக்கு முந்துன லீவுல தாத்தா என்னைய இங்க கூட்டியாந்தாவ சார். அவுக இங்கதான மூட்டை தூக்குனாவ. 'இது கடல் இல்லப்பா, காயல், பெரிய ஏரி மாதிரி'ன்னு சொன்னாவ. நான் கண்ணால பாத்ததை எழுதினேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளும் ஆசிரியைதான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

பிறகு மட்டாஞ்சேரிக்குப் போனோம். மிளகு, சுக்கு வாசனை அடிக்கும் பழைய கிட்டங்கித் தெரு. அங்கே நின்றுகொண்டு அவன் தாத்தாவின் கதையைச் சொன்னான். 1950 வாக்கில் அந்தப் பெரியவர் செங்கோட்டையிலிருந்து ரயில் ஏறிக் கொல்லம் போய், அங்கிருந்து படகும் பஸ்ஸுமாக மாறிக் கொச்சிக்கு வந்தவர். அன்றைக்குக் கொல்லத்துக்கும் எறணாகுளத்துக்கும் நடுவே ரயில் கிடையாது. துறைமுகத்தில் வேலை கொடுக்க 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. சாப்பா என்றால் உலோக வில்லை. காலையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் கூடி நிற்பார்கள். வேலை கொடுப்பவரின் ஆள் அந்த வில்லைகளைக் கூட்டத்துக்குள் எறிவார். யார் கையில் வில்லை கிடைக்கிறதோ அவருக்கு அன்றைக்கு வேலை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மிதித்து, அடித்துப் பிடுங்க வேண்டும். கிடைக்காதவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. கோயில் கொடையில் காசு எறிந்தால் பிள்ளைகள் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை வளர்ந்த ஆண்கள் வயிற்றுக்காகத் தினமும் செய்தார்கள்.

இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில்தான் சாப்பா முறை ஒழிந்தது. அந்தப் பெரியவருக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்கவே மடங்காதாம். ஒரு நாள் வில்லையைப் பிடித்த கையை யாரோ மிதித்துவிட்டார்கள். "வில்லையை விடலயா தாத்தா?" என்று இவன் கேட்பானாம். "விட்டா உங்கப்பனுக்கு யாரு சோறு போடுவா?" என்பாராம்.

அந்தத் தாத்தா கூட்டிப்போய்க் காட்டிய துறைமுகத்தைத்தான் நான் தப்பு என்று அடித்திருக்கிறேன்.

இன்றைய துறைமுகம் வேறு மாதிரி. 2011-ல் திறந்த வல்லார்பாடம் முனையத்தில் கிரேன் ஒன்று கன்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரி எடுத்து வைக்கிறது. ஒரு சின்னக் கன்டெய்னரில் 20 டன் சரக்கு என்றால் 50 கிலோ மூட்டை 400. எத்தனை முதுகுகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே கொச்சி கப்பல் கட்டும் தளம். 1972-ல் அடிக்கல் நாட்டினார்கள். நாமே கட்டிய முதல் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் அங்கே உருவாகி, 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. ஏரிக்கரையில் கட்டிய கப்பலில் இன்று போர் விமானங்கள் இறங்குகின்றன.

இதற்கெல்லாம் விலையும் உண்டு, அதையும் படிக்க வேண்டும். வல்லார்பாடத்துக்கு ரோடும் ரயிலும் போடுவதற்காக 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டார்கள். 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்ததைப் பற்றிப் பேசினால் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் குரல் மாறுகிறது. காயலும் வரவர மெலிகிறது. துறைமுகத்துக்கு, வயலுக்கு, வீட்டுக்கு என்று ஆளாளுக்குக் கரையிலிருந்து மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெட்டிய வாசலை ஆண்டுதோறும் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். மலையிலிருந்து மண் வருவது நிற்காது. பிரிஸ்டோ ஒரு தடவை முடித்த வேலையைத் துறைமுகம் தினமும் செய்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் தீவின் ஓரத்தில் நின்றோம். துறைமுக ரயில் நிலையத்தில் நாங்கள் போன நேரத்தில் ஒரு பயணியும் இல்லை. பழைய பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அங்கே நின்று அவனிடம் சொன்னேன்.

"தப்பு என் பேர்லதான்ப்பா. ஏரிங்கிறதும் சரிதான். உனக்கு ஒரு மார்க் பாக்கி."

சிரித்தான். "முப்பத்தஞ்சு வருச வட்டியோட குடுங்க சார்" என்றான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்களில் பதினேழு பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள் என்று குழுவில் எண்ணிப் பார்த்தேன். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பாடப்புத்தகத்தில் இல்லாத விடையை ஒரு பிள்ளை எழுதினால், பெருக்கல் போடுவதற்கு முன்னால் "எங்கேப்பா பார்த்தே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த விடைக்குப் பின்னால் மடங்காத விரலோடு ஒரு தாத்தா இருக்கலாம்.

வேறு யாருக்காவது நான் இப்படிப் பாக்கி வைத்திருந்தால் தயங்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆனி, ஆடியில் சாரல் விழும்போது குற்றாலத்துக்கு வாருங்கள். வீட்டில் சாப்பாடு உண்டு. மார்க்கும் போட்டுத் தருகிறேன்.

அவனுக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ கைதூக்குவதை விட்டுவிட்டாய் என்று சொன்னாயே, குழுவில் அன்றைக்கு முதலில் கையைத் தூக்கியது நீதான்ப்பா. சந்தோஷம்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு சார்,
தென்காசி.